தொட்டியில் கேம்பர் கூடு, பின்னால் படகு ட்ரெய்லர்: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிக்கப்பின் தொட்டியில், அதாவது சரக்கு ஏற்றும் பகுதியில், ஏற்றி இறக்கும் கேம்பர் கூடு (உள்ளே படுத்துத் தூங்கும் சின்ன அறை), அதன் பின்னால் ஒரு சின்ன ஃபைபர் படகு ட்ரெய்லர். இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டு வடக்கே தொண்டியில் இருந்து தெற்கே மூக்கையூர் வரை சில வருடங்களாகப் போய்வருகிறேன். டீக்கடையில் நிறுத்தினால் யாராவது ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டையும் வண்டி இழுக்குதாண்ணே?" என்று கேட்பார்.

இழுக்கும். இப்போது வரும் டீசல் பிக்கப் எதுவானாலும் அரை டன் ட்ரெய்லரை இழுக்க இன்ஜின் திணறாது. திணறுவது பின் ஆக்சில். கூட்டின் பாரம் இறங்குவதும் அங்கேதான், ட்ரெய்லர் அழுத்துவதும் அங்கேதான். ஒரே திண்ணையில் இரண்டு பேர் படுக்க இடம் கேட்கிற மாதிரி. இதில் எவருக்கு எவ்வளவு இடம் என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பட்டறைக்குப் போய்விட்டு அப்புறம் யோசித்தால் கூட்டையோ ட்ரெய்லரையோ விற்க வேண்டி வரும்.

ஆர்சி புத்தகமும் ஒரு பேனாவும்

ஆர்சியில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு கிடைக்கும். தொட்டி இருக்கிறதே என்பதற்காக ஒரு டன் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். குடும்பத்துக்காக வாங்கும் இரட்டைக் கேபின் வண்டிகளில் இந்த அளவு மிகவும் குறைவு. அவற்றில் கூட்டை ஏற்றினாலே கணக்கு முடிந்துவிடும், ட்ரெய்லருக்கு மிச்சம் இருக்காது. சரக்குக்கென்றே செய்த ஒற்றைக் கேபின் பிக்கப்தான் இந்த வேலைக்குச் சரி என்பது என் முடிவு.

என் கணக்கையே காட்டுகிறேன். மொத்த எடை 2,950 கிலோ, வெற்று எடை 1,850. ஆக 1,100 கிலோ ஏற்றலாம். கூடு காலியாக 390. தண்ணீர் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. பேட்டரி, கேஸ், மெத்தை, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் சேர்த்து 110. இரண்டு பேர் 140. ட்ரெய்லர் பிக்கப்பின் மேல் வைக்கும் பாரம் 50. மொத்தம் 770. முன்னூற்றுச் சொச்சம் கிலோ மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை நான் நிரப்புவதே இல்லை. குழியில் இறங்கும்போது அந்த இடைவெளிதான் கமான் கட்டையைக் காப்பாற்றுகிறது.

தண்ணீரை மட்டும் குறைத்து எண்ணிவிடாதீர்கள். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் கை தானாகவே பெரிய தொட்டியைத் தேடும். 200 லிட்டர் தொட்டி என்றால் மூன்று ஆட்களைக் கூட்டுக்குள் நிற்க வைத்த பாரம். உச்சிப்புளியிலோ ராமேசுவரத்திலோ நிரப்பிக்கொள்ளலாம் என்று சின்னதாகவே வையுங்கள். தண்ணீர்த் தொட்டியைப் பின் ஆக்சிலுக்கு முன்னால், கேபினை ஒட்டி, தரை மட்டத்தில் பொருத்துங்கள். கூட்டின் பார மையம் எப்போதும் பின் ஆக்சிலுக்குக் கொஞ்சமாவது முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் காற்றில் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

முன்பாரம்: மாட்டு வண்டிக்காரர்கள் சொன்னது

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டியில் மூட்டையைப் பின்னால் அடுக்கினால் ஏர்க்கால் மேலே தூக்கும், நுகத்தடியின் கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். ரொம்ப முன்னால் அடுக்கினால் கழுத்தில் பாரம் ஏறி மாடு படுத்துவிடும். "கொஞ்சம் முன்பாரமா வைப்பா" என்பார்கள். ட்ரெய்லருக்கும் அதே விதி. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அதன் ஏர்க்கால் வழியாகப் பிக்கப்பின் ஹிட்ச் குண்டின் மேல், அதாவது ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையின் மேல், உட்கார வேண்டும். ஒற்றை ஆக்சில் படகு ட்ரெய்லரில் இதைவிடச் சற்றுக் குறைந்தாலும் ஓடும். ஆனால் இங்கே வீசும் காற்றுக்குப் பத்து சதவீதத்துக்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

அளப்பது எளிது. சமதளத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஓடும்போது இருக்கும் உயரத்திலேயே ஏர்க்காலின் முனையை ஒரு மரக்கட்டை வழியாக வீட்டு எடை மெஷினில் இறக்குங்கள். காட்டும் எண்தான் முன்பாரம். ட்ரெய்லர், படகு, இன்ஜின், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 500 கிலோ என்றால் 50 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் படகைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். படகு நகராதென்றால் ட்ரெய்லரின் ஆக்சிலைப் பின்னால் தள்ளி யு போல்ட்டை இறுக்குங்கள்.

இதில் நான் பட்டிருக்கிறேன். ஓர் ஆடி மாதம் அவசரமாகக் கிளம்பும்போது ஐஸ் பெட்டியையும் இரண்டு கேன் பெட்ரோலையும் படகின் பின்பகுதியில், இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ராமநாதபுரத்தில் இருந்து மண்டபம் வரை ஒன்றும் தெரியவில்லை. பாம்பன் பாலத்தின் உச்சியைத் தாண்டி இறக்கத்தில் வேகம் பிடித்தபோது ட்ரெய்லர் மெல்ல இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியில் படகின் மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. அடுத்த ஆட்டத்தில் பாதிப் படகு தெரிந்தது. அதற்கு அடுத்ததில் கூட்டோடு சேர்ந்து பிக்கப்பின் பின்புறமே நகர்ந்தது. இறங்கிப் பார்த்தபோது கையில் நடுக்கம் நிற்க வெகுநேரமானது. அன்று மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: பெட்டியையும் கேன்களையும் படகின் முன்பகுதிக்கு எடுத்து வைத்தேன். திரும்பி வரும்போது அதே பாலத்தில், அதே காற்றில், ட்ரெய்லர் நூல் பிடித்த மாதிரி வந்தது.

ஆட ஆரம்பித்தால் செய்ய வேண்டியது: ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பினால் இன்னும் பெரிதாகும். பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் ட்ரெய்லர் மடங்கிக்கொண்டு உங்கள் பக்கவாட்டில் வந்து நிற்கும்.

ஹிட்சை நீட்டாதீர்கள், ஏர்க்காலை நீட்டுங்கள்

கூடு வைத்த பிக்கப்புக்கே உரிய சிக்கல் இது. பல கூடுகள் தொட்டியைத் தாண்டிப் பின்னால் ஓர் அடி, இரண்டடி நீட்டிக்கொண்டு இருக்கும். அதன் அடியில் ஹிட்ச் மறைந்துவிடும்; வளைவில் ட்ரெய்லரின் முனை கூட்டில் இடிக்கும். பட்டறையில் உடனே சொல்வது, "ஹிட்சை ரெண்டடி நீட்டிடலாம் சார்" என்பதுதான்.

நீட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3.1 மீட்டர். ஹிட்ச் குண்டு பின் ஆக்சிலில் இருந்து 1.2 மீட்டர் பின்னால். முன்பாரம் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், நெம்புகோல் கணக்கில் முன் ஆக்சிலில் இருந்து சுமார் 39 கிலோ உயர்ந்துவிடும், பின் ஆக்சிலில் 139 கிலோ ஏறும். குண்டை இன்னும் 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் முன்னால் 58 கிலோ குறையும், பின்னால் 158 ஏறும். வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு இது. பாலத்தின் இணைப்புகளில் தடதடவென்று ஏறி இறங்கும்போது பாரம் பல மடங்காகக் குத்தும். நீட்டிய குழாயின் வேர்ப்பகுதிதான் அத்தனையையும் வாங்கும். அதனால் நீட்டிய ஹிட்சுக்கு, நீட்டாததற்குச் சொல்லும் தாங்கும் திறன் கிடையாது.

எனக்கு முதலில் ஒரு பட்டறையில் நீட்டித்தான் கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துக் கழுவும்போது வெல்டிங் ஓரத்தில் தலைமுடி அளவு செம்பழுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. பெயிண்ட் கீறல் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். துரு உள்ளே இருந்து வந்துகொண்டிருந்தது. விரிசல். அதே நாள் அறுத்து எடுத்துவிட்டேன்.

இப்போது ஹிட்ச் பழைய இடத்திலேயே, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு இருக்கிறது. ட்ரெய்லரின் ஏர்க்காலை முக்கால் மீட்டர் நீட்டிவிட்டேன், கனமான குழாயில், உள்ளே இன்னொரு குழாய் செருகி. கூட்டில் இடிப்பதும் நின்றது. நீளமான ஏர்க்கால் உள்ள ட்ரெய்லர் ஆடுவதும் குறைவு, ரிவர்ஸ் எடுக்கும்போது நிதானமாகவும் திரும்புகிறது. ஏர்க்காலை நீட்டியதும் முன்பாரம் மாறும் என்பதால் மறுபடி அளந்துகொள்ளுங்கள். இன்னும் கூடு செய்யவில்லை என்றால் தொட்டியின் நீளத்துக்குள்ளேயே அடங்குகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். ஓர் அடி படுக்கை இடத்துக்காக இவ்வளவு பாடு வேண்டாம்.

கட்டுவது, பிரேக், சங்கிலி, விளக்கு

கூட்டின் அடியில் கெட்டியான ரப்பர் விரிப்பு போடுங்கள். பிரேக் போடும்போது கூடு முன்னால் வழுக்காமல் இருக்கும். நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) போட்டுக் கட்ட வேண்டும். கொக்கிகளைத் தொட்டியின் தகரத்தில் வைக்காதீர்கள், கிழிந்துவிடும். சேஸிஸில் இருந்து பட்டை எடுத்து அதில் மாட்டுங்கள். கிளம்பி இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். முதல் இருபதில்தான் எல்லாம் தளரும்.

ட்ரெய்லர் பிரேக்குக்கு ஐரோப்பாவில் 750 கிலோ என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நம்மைப் போலத் தொட்டியிலும் பாரம் வைத்திருப்பவர்கள் அந்தக் கோட்டுக்கு முன்பே பிரேக் வைத்துவிடுவது நல்லது. பிக்கப் நிற்க முயலும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே வேலை செய்யும் ஓவர்ரன் பிரேக் போதும், வயரிங் தேவையில்லை.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டு. ஏர்க்காலுக்குக் கீழே பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். குண்டில் இருந்து கழன்றால் ஏர்க்கால் தார் ரோட்டில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். திரும்பும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும், தரையில் உரசக் கூடாது.

விளக்குகளை நீர் புகாத எல்இடியாக வாங்குங்கள். எர்த் வயரைத் தனியாக இழுங்கள். குண்டு வழியாக எர்த் வரும் என்று விட்டால் உப்புத் துரு ஒரே மாதத்தில் தொடர்பை அறுத்துவிடும். கூடு நடுக் கண்ணாடியை மறைத்துவிடுவதால் பக்கக் கண்ணாடிகளுக்கு நீட்டிப்பும், ட்ரெய்லரின் பின்னால் ஒரு கேமராவும் வேண்டும்.

தாள் வேலை: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லருக்கும் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் ட்ரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். கூட்டைக் கழற்றக்கூடியதாகவே வைத்திருங்கள். தொட்டியோடு சேர்த்து வெல்டிங் வைத்தால் வண்டியையே மாற்றியமைத்த கணக்கில் வந்துவிடும், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அது கூடாது. இன்சூரன்ஸ்காரர்களிடம் கூடு, ட்ரெய்லர் இரண்டையும் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடை மேடை

காகிதக் கணக்கை நம்பி ரோட்டில் ஏறாதீர்கள். உப்பு லாரியும் கரி லாரியும் ஓடும் மாவட்டம் இது, எடை மேடைக்குப் பஞ்சம் இல்லை. வண்டி வராத நேரம் பார்த்துப் போய்ச் சொன்னால் பொறுமையாகப் போட்டுத் தருவார்கள். பயணத்துக்கு நிரப்புகிற மாதிரியே தண்ணீர், டீசல், ஆட்கள் எல்லாம் இருக்க வேண்டும்.

நான்கு சீட்டு வாங்குங்கள். ட்ரெய்லர் மாட்டியபடி, பிக்கப்பின் முன் சக்கரம் மட்டும் மேடையில். அப்புறம் பிக்கப் முழுவதும், ட்ரெய்லர் சக்கரம் வெளியே. மூன்றாவது, எல்லாமே மேடையில். கடைசியாக ட்ரெய்லரைக் கழற்றி, பிக்கப் மட்டும். இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் பின் ஆக்சில் பாரம். இரண்டாவதில் இருந்து நான்காவதைக் கழித்தால் முன்பாரம். பெரிய மேடைகள் ஐந்து, பத்து கிலோ படியில் காட்டும் என்பதால் முன்பாரத்துக்கு வீட்டு மெஷினில் போட்டதையே நம்புங்கள். பின் ஆக்சிலின் அளவைக் கம்பெனி சொல்லும் எல்லையோடும், பின் டயர்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அச்சடித்திருக்கும் தாங்கும் எடையைக் கூட்டி வரும் அளவோடும் ஒப்பிடுங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

ரோட்டில்

என் வேகம் 60. நல்ல கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதற்கு மேல் போவதில்லை.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, 2.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். நடுவில் கப்பல் போவதற்காக மேடாக ஏறி இறங்கும். ராமேசுவரம் நோக்கிப் போகும்போது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வலது பின்புறம் இருந்து தள்ளும். வாடை காலத்தில் வடகிழக்குக் காற்று இடது முன்புறம் இருந்து அறையும். கூடு ஒரு பாய் மாதிரி. எந்தக் காற்றையும் முழுசாக வாங்கும். 40க்கு மேல் வேண்டாம். ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் நிறுத்திய கார்களுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டியிருக்கும். நீங்கள் மட்டும் அங்கே நிறுத்தாதீர்கள். உங்கள் நீளத்துக்கு மொத்தப் பாலமும் அடைத்துக்கொள்ளும். கச்சான் உச்சத்தில் இருக்கும் நாட்களில் விடியற்காலையில் கடந்துவிடுவது என் வழக்கம், காற்று எழும்பியிருக்காது.

தனுஷ்கோடி ரோட்டில் அரிச்சல்முனை வரை 2017இல் இருந்து தார் ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், ஓரத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். தாரை விட்டு ஒரு சக்கரம் இறங்கினால் இந்தப் பாரத்துக்கு அப்படியே புதையும். முனையில் திரும்பும் இடத்தில் விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். இரவில் அங்கே தங்கவும் விடமாட்டார்கள். ட்ரெய்லரை ராமேசுவரத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

உள்ரோடுகளில் எதிரி கருவேல முள். உப்புக் காற்றில் காய்ந்த சீமைக்கருவேல முள் டயரில் ஆணி மாதிரி இறங்கும், அன்று ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் ட்ரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ட்ரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னியும், அதன் அடியில் நுழைகிற ஜாக்கியும் எடுத்துப் போங்கள். பிக்கப் ஜாக்கி பல நேரம் நுழையாது.

எந்தக் கடல், எங்கே இறக்குவது

இந்தக் கரையின் கொடை இதுதான்: ஒரு கடல் கொந்தளிக்கும்போது இன்னொன்று அமைதியாக இருக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா, அதாவது ஆண்கடல், பொங்கும். பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல் படுத்திருக்கும். வாடையில் தலைகீழ். அதனால் ஆனி, ஆடியில் பிரப்பன்வலசை, தேவிபட்டினம் பக்கமும், மார்கழி, தையில் கீழக்கரை, ஏர்வாடி பக்கமும் போகிறேன். போன ஊரில் முதலில் மீனவர்களிடம் கேளுங்கள். "இன்னைக்கு வேணாம் தம்பி" என்றால் கூட்டுக்குள் படுத்துத் தூங்குங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. படகின் பதிவுத் தாளும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், கடலோரக் காவலில் கேட்பார்கள்.

இறக்கும் முறையில் ஒன்றை விடாமல் செய்யுங்கள்: கூட்டோடு மணலில் போகாதீர்கள். தென்னந்தோப்பு ஓரமோ கெட்டித் தரையோ பார்த்து, அனுமதி கேட்டு, ட்ரெய்லரைக் கழற்றி, கூட்டை அதன் நான்கு கால்களில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒன்றரை அடிப் பலகை. நான்கு கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி உயர்த்தி, பிக்கப்பை முன்னால் எடுத்த பிறகு, காற்றுக்குக் கூடு ஆடாத அளவுக்குத் தாழ்த்தி இறக்குங்கள். அரைமணி நேரம் ஆகும். ஆனால் அப்புறம் உங்களிடம் இருப்பது லேசான பிக்கப்.

டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் மணலில் அகன்று உட்காரும். தண்ணீருக்குப் போகும் முன் ட்ரெய்லரின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கும் பகுதியை, தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள், விளக்கு வயரையும் அப்போதே கழற்றுங்கள். சூடான ஹப் கடல் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். ரிவர்ஸில் கையை ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கை போகும் பக்கம் ட்ரெய்லர் போகும். பிக்கப்பின் பின் சக்கரம் ஈர மணலைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் ஏர்க்காலைக் கழற்றி, நீளக் கயிற்றில் விடுங்கள். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதித்துத் தோண்டாமல், படகு இழுக்கும் டிராக்டர் ஒன்றைக் கூப்பிடுங்கள். கரையில் அநேகமாக இருக்கும், கூலி நியாயமாகவே கேட்பார்கள். ரோட்டுக்கு ஏறும் முன், கூட்டை ஏற்றும் முன், காற்றை மறுபடி முழுசாக நிரப்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

அன்றே, தூங்கும் முன், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கமான் கட்டை இடுக்கு, சங்கிலி, டர்ன்பக்கிள் மரை, பிரேக் டிரம் உள்பக்கம், சேஸிஸ் குழாயின் உள்ளேயும் ஹோஸை விட வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு விளைகிற மாதிரிதான் அந்தக் குழாய்க்குள்ளும் விளையும், வெயில் ஒன்றேதான்.

நாலைந்து முறை கடலில் இறங்கிய பிறகு ஹப் மூடியைத் திறந்து பாருங்கள். கிரீஸ் போட்ட நிறத்திலேயே வழுவழுவென்று இருந்தால் நல்லது. பால் ஊற்றிய டீ நிறத்தில், தயிர் மாதிரித் திரிந்து இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் அப்பினேன். அடுத்த பயணத்தில் உச்சிப்புளி தாண்டியதும் பேரிங் அலறி நின்றது. அப்பினால் போதாது. பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் புள்ளி விழுந்திருந்தால் மாற்றி, கடல் தண்ணீருக்கான கிரீஸை உள்ளங்கையில் வைத்து இடுக்குகளில் ஏறும் வரை அழுத்தி, ஆயில் சீலைப் புதிதாகப் போட வேண்டும். ஒரு செட் பேரிங்கும் சீலும் கிரீஸும் எப்போதும் கூட்டுக்குள் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மண்டபத்துக்கு இந்தப் பக்கம் அந்த அளவு தேடினால் கிடைக்காது.